கத்தி வச்சது வயித்துல, மூச்சு வந்தது நுரையீரலுக்கு!

வணக்கம் மக்களே! உடம்பு கொறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணுனவங்கள கேட்டுப் பாருங்க, மீனாட்சி கோயில் ஆடி வீதிய ஒரு சுத்து வர்றதுக்குள்ள நாலு இடத்துல உக்காந்தவங்க இப்ப நிக்காம நடக்குறேன்னு சொல்லுவாங்க. நுரையீரல்ல டாக்டர் கையே வைக்கல, பெறகு எப்படி?

ஆபரேஷன் என்னன்னு சட்டுன்னு சொல்லிர்றேன், ஸ்லீவ்னா இரைப்பையில முக்கால்வாசிய எடுத்துருவாங்க, பைபாஸ்னா இரைப்பைய சின்னதாக்கி சிறுகுடலோட இணைச்சுருவாங்க.

இப்ப விசயத்துக்கு வருவோம். விடியக்காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கீங்களா? ஒரு மூட்டை மல்லிகைப்பூ மேல அரிசி மூட்டைய வச்சா என்னாகும்? பூ வாடல, வாசமும் போகல, ஆனா அடியில இருக்குற பூவெல்லாம் நசுங்கி ஒட்டிக்கிரும். அந்தப் பூதான் நுரையீரல், அரிசி மூட்டைதான் தொப்பை! வயித்துக் கொழுப்பு உதரவிதானத்த, அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல மூச்சு இழுக்குற தசைய, மேல தள்ளுது, நெஞ்சு மேல இருக்குற கொழுப்பு விரிய விடாம அமுக்குது, நுரையீரலோட அடிப்பக்கம் காத்து சரியா போகாது, ஆனா ரத்தம் அதிகமா ஓடுறதே அந்த அடிப்பக்கம்தான், அதனாலதான் ஆக்ஸிஜனும் கொறையுது.

சாதாரணமா ஒரு மூச்சு 500 மில்லி. அத விட்டு முடிச்ச பெறகும் தம் புடிச்சு ஊதுனா இன்னும் 1 லிட்டர் கிட்ட வெளிய வரும். குண்டானவங்களுக்கு மொதல்ல அடிவாங்குறது இந்த மிச்சக் காத்துதான், எடை கொறைஞ்சதும் நல்லா ஏறுறதும் இதேதான்! எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விசயமே இதுதான் மக்களே, பூவு திரும்ப உப்பிக்கிருது. வேகமா ஊதிப் பாக்குற டெஸ்ட்ல வர்ற மத்த அளவெல்லாம் ஓரளவுக்குத்தான் ஏறும்.

ஆஸ்துமா உள்ளவங்களுக்கும் நெறைய பேருக்கு வீசிங் கொறையுது. ஆனா வருசக்கணக்கா சிகரெட் குடிச்சு நுரையீரல் கெட்டுப்போயிருந்தா அது வாடுன பூ, மூட்டைய எறக்குனாலும் பழையபடி மலராது. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே சிகரெட்ட விட்டுருங்க, ப்ளீஸ்.

இன்னொன்னு, இன்ஹேலரையோ தூக்கத்துல மூச்சு நிக்காம இருக்க ராத்திரி முகத்துல மாட்டுற, காத்த தள்ளுற சிபாப் மெஷினையோ மெலிஞ்சுட்டோம்னு நீங்களா நிறுத்தாதீங்க, மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு டாக்டர் சொல்லட்டும்.

உங்க வீட்ல யாராச்சும் தலகாணிய அடுக்கி வச்சு உக்காந்த மேனிக்கே தூங்குறாங்களா? கொறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா? வயசாச்சுன்னு விட்றாதீங்க, பெரியாஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போங்க, இந்த வீடியோவ அவங்களுக்கு இன்னைக்கே அனுப்புங்க.