வாளியில் ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். ஃபுட்பால் என்றதும் நமக்கு உருண்டைப் பந்துதான் கண்ணில் நிற்கும். இன்று நான் பேசப்போவது அமெரிக்கர்களின் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், ஆளோடு ஆள் மோதல். அதிலும் கல்லூரி ஆட்டம்.

இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே இரண்டு வருடம் படித்தேன். கூடைப்பந்து என்றால் ஊரே உயிரை விடும். ஃபுட்பால் என்றால், சனிக்கிழமை காலையிலேயே மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து, கறி சுட ஆரம்பிப்பார்கள். உள்ளே ஆட்டம் தொடங்கிய பிறகும் பலர் அடுப்பை விட்டு நகரமாட்டார்கள். போய் என்ன ஆகப்போகிறது? 1887இலிருந்து ஆடும் இண்டியானா பல்கலைக்கழக அணி. 2023 வரை ஒரு சீசனிலாவது 10 வெற்றி பார்த்ததில்லை. தோல்விக் கணக்கு மட்டும் 700ஐத் தாண்டியிருந்தது. 2023இல் 12 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. பயிற்சியாளரை மாற்றினார்கள்.

வந்தவர் கர்ட் சிக்னெட்டி. அப்போது வயது 62. ஒருகாலத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தில், பேர்போன பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளர். அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, தன் அப்பா பயிற்சியளித்த பென்சில்வேனியாவின் சின்னக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனவர். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். போன இடமெல்லாம் ஜெயித்தார். புளூமிங்டன் வந்ததும் நிருபர்கள் கேட்டார்கள்: உங்களை நம்பி மாணவர்கள் எப்படி வருவார்கள்? "ரொம்பச் சுலபம். நான் ஜெயிக்கிறவன். கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. இந்த ஊரைப் பற்றி இவர் தேடிப் பார்த்தாரா என்று நினைத்தேன்.

அவர் செய்த காரியம் ஒன்றும் மந்திரமில்லை. கல்லூரி விட்டுக் கல்லூரி மாற வீரர்களுக்கு இப்போது தடை குறைவு. ஜேம்ஸ் மேடிசனில் தன்னிடம் ஆடிய 13 பேரைக் கூடவே அழைத்துவந்தார். உயரமும் உடம்பும் பார்த்து "நாளைக்குப் பெரிய ஆளாவான்" என்று பையன்களைச் சேர்ப்பது பெரிய கல்லூரிகளின் பழக்கம். இவர் நேற்று ஆடிக் காட்டியது என்ன என்று மட்டும் பார்த்தார். ஐந்தடி ஒன்பது அங்குலத் தடுப்பாட்டக்காரர் டிஆஞ்சலோ பாண்ட்ஸ் அப்படி வந்தவர்தான். எதிரணிகள் பந்தை அவர் பக்கம் எறியவே யோசித்தன.

2024 சீசன் தொடங்கியது. முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு கணம்கூடப் பின்தங்கவில்லை. ஒன்பதாவதில் மிச்சிகன் ஸ்டேட் 10-0 என்று முந்தியது. அப்பாடா, பழைய இண்டியானா வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். முடிவு 47-10. அடுத்த வாரம் மிச்சிகனை 20-15 என்று வென்றதும் 10 ஆட்டத்தில் 10 வெற்றி என்ற கணக்கு வந்தது. அரங்கம் நிரம்பியது. அடுப்புகளை நேரத்தோடு அணைக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று அடிவாங்கினார்கள். மறு வாரம் அதே மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம். பக்கத்து ஊர்ப் பங்காளிச் சண்டை மாதிரி இது. பரிசு ஒரு பழைய ஓக் மர வாளி. ஒவ்வொரு ஆண்டும் ஜெயித்தவர் பெயரின் முதலெழுத்தை வெண்கலத்தில் வார்த்து, அதன் சங்கிலியில் கோர்ப்பார்கள். 1925இல் இந்த வாளிக்கான முதல் ஆட்டம் 0-0 என்று முடிந்ததால், தொடக்கத்தில் இரண்டு எழுத்தும் சேர்ந்தே தொங்கும். 2024க்கு முந்தைய மூன்று ஆண்டும் பர்டூ எழுத்துதான். இந்த முறை இண்டியானா எழுத்து: 66-0.

தேசியப் பட்டத்துக்கான பிளே-ஆஃப் முதல் சுற்றில் நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்று வெளியேறினார்கள். அந்தக் கணக்கும் ஏமாற்று. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்த இரண்டு டச்டவுனை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்த்து எடுக்கும் புள்ளிகள்) எடுத்துவிட்டால் 27-3. நோஞ்சான் அணிகளை அடித்தே 11 வெற்றி சேர்த்தார்கள் என்று ஏசினார்கள். பாதி உண்மை. மீதிக்குப் பதில் அடுத்த சீசனில் வந்தது: 16 ஆட்டம், 16 வெற்றி, தேசியப் பட்டம்.

ஆனால் எனக்கு முதல் சீசன்தான் நெருக்கம். அதில் பந்தை எறிந்தவர் கர்டிஸ் ரோர்க், கனடாக்காரர். நடுவில் கட்டைவிரல் அடிபட்டு ஓர் ஆட்டம் உட்கார்ந்தது எல்லாருக்கும் தெரியும். எல்லாம் முடிந்த பிறகுதான் இன்னொன்று வெளியே வந்தது. ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே, அவர் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் காலோடுதான் 29 டச்டவுன் எறிந்திருக்கிறார். ஜனவரியில் அறுவை சிகிச்சைக்குப் போனார்.

வணக்கம்.