செலரின் ரொட்டி

வணக்கம் நேயர்களே.

கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்து, பொம்பேயி, ஹெர்குலேனியம் என்ற இரண்டு ஊர்களைப் புதைத்தது. பொம்பேயி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, விழுந்த இடத்திலேயே உறைந்து கிடக்கும் மனித உருவங்கள். சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி அவற்றை எடுக்கும் முறையை 1863-இல் தொல்லியல் அறிஞர் ஃபியோரெல்லி கொண்டுவந்தார். பார்த்தால் மனம் கனக்கும். ஆனால் அந்த மனிதர்கள் முந்தின நாள்வரை எப்படி வாழ்ந்தார்கள் என்பதை, ஒரு ரொட்டி இன்னும் நெருக்கமாகச் சொல்கிறது என்பேன்.

ஹெர்குலேனியத்தில் கிடைத்த ரொட்டி அது. கடும் வெப்பத்தில் கரியாகிவிட்டதால் அழுகாமல் தப்பியது. வட்ட வடிவம், கையால் பிய்த்துக்கொள்ள வசதியாக, சுடுவதற்கு முன்பே எட்டுத் துண்டாகக் கீறியிருக்கிறார்கள். மேலே ஒரு முத்திரை: 'குவின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை செலருடையது'.

ரொட்டிக்கு எதற்கு முத்திரை? பிசைந்த மாவைப் பொது அடுப்புக்குக் கொடுத்தனுப்பிச் சுட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. பல வீட்டு ரொட்டிகள் ஒன்றாக வேகும்போது மாறிப்போகாமல் இருக்கத்தான் இந்த அடையாளம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசர்களும் தளபதிகளும் கல்லில் பெயர் வெட்டிவைத்த காலம் அது. ஓர் அடிமையின் பெயர் ரொட்டியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

பொம்பேயியில் கடை ரொட்டி தாராளமாகக் கிடைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ரொட்டிக் கடைகள் இருந்தன. ஒரு கடையின் அடுப்பை 1862-இல் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் இருந்தன. மாவரைக்கும் கல் உடுக்கை மாதிரி இடை குறுகியிருக்கும். கழுதையைப் பூட்டிச் சுற்றுவார்கள். அந்தக் கல்லே எரிமலைப் பாறையில் செய்ததுதான்.

சரி, எரிமலை வெடித்த அன்றைக்கு மக்கள் என்ன செய்தார்கள்? வானத்திலிருந்து கல் விழுந்ததால் தலையணையைத் தலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. இளைய பிளினியின் மாமா மூத்த பிளினி கடற்படைத் தளபதி. ஆட்களை மீட்கக் கப்பல்களோடு போனவர், பக்கத்து ஊரான ஸ்டாபியே கரையில் இறந்துபோனார்.

இந்த மூத்த பிளினிதான் நம் பக்கத்து மிளகைப் பற்றியும் எழுதியவர். காரத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது, அதற்காக இந்தியாவரை போவானேன் என்று அங்கலாய்த்திருக்கிறார். விலையையும் குறித்துவைத்தார்: ஒரு ரோமானிய பவுண்டு திப்பிலி 15 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்), வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4. சேர நாட்டு முசிறித் துறைமுகமும் அவர் நூலில் வருகிறது. அங்கே மரக்கலம் ஏறிய மிளகு, வெசூவியஸ் அடிவாரத்துச் சமையலறைகள்வரை போயிருக்கிறது.

நன்றி, வணக்கம்.