கரும்புத் தோட்டத்தில் மட்டக்களப்புத் தமிழ்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். அங்கே ஒரு சிறிய தரும மருத்துவமனை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித எய்டன் மிஷன் தலைவரான டாக்டர் பூத் அதை நடத்துகிறார். பணம் தந்தவர் பார்சி வணிகர் ருஸ்தம்ஜி. காலையில் மருந்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். தமிழர், தெலுங்கர், வட இந்தியர். என்ன நோவு என்று அவர்களிடம் கேட்டு, அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லி, அவர் எழுதித் தரும் மருந்தைக் கொடுக்கும் வேலையைக் கூலியில்லாமல் ஒரு பாரிஸ்டர் செய்துகொண்டிருக்கிறார். போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்து நாள்தோறும் இரண்டு மணி நேரம். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி.

காந்தியின் தொண்டுள்ளத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் இன்னோர் ஆள் நிற்க வேண்டியிருந்தது பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த நடு ஆளான காந்திக்கும் அப்போது தமிழ் அதிகம் வராது. "அடிவயிற்றைப் பிசைகிறது ஐயா" என்று ஒருத்தி சொன்னால் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? வயிற்றுவலிக்கே இந்தப் பாடு என்றால், பாவம், கிருபை, இரட்சிப்பு என்று பேசப் புறப்பட்ட மிஷனரியின் பாட்டை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஊரில் ஞானஸ்நானம் பெற்று, ஞானப்பாட்டு பாடத் தெரிந்தவர்கள் இறங்கிய இடத்தில், அவர்களுடைய மொழியில் ஜெபம் சொல்லி நடத்தப் போதகர் இல்லை.

மெதடிஸ்ட் சபையார் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். இங்கிலாந்திலிருந்து புதிதாக ஓர் இளைஞரை அனுப்பி, அவர் தமிழ் கற்று முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ரால்ஃப் ஸ்டாட் என்ற முதியவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் முன்னொரு காலத்தில் இலங்கையின் மட்டக்களப்பில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர்; தமிழை அங்கேயே கற்றவர். 1862இல் நேட்டாலுக்கு வந்து சேர்ந்தார். வட ஆற்காட்டுக் குடியானவர் ஒருவர், ஆப்பிரிக்கக் கரும்புக் காட்டில், வெள்ளைக்காரர் வாயிலிருந்து மட்டக்களப்புத் தமிழைக் கேட்கும் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் பேசியது தமிழ். நடு ஆள் தேவைப்படவில்லை.

அப்படியிருந்தும் கூட்டம் கூட்டமாக யாரும் சபையில் வந்து சேர்ந்துவிடவில்லை. மொழி தெரிந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். என் கணக்கு இது: கங்காணியின் குரலுக்கு எழுந்து, மாலைவரை கரும்பு வெட்டுகிறவனுக்கு, தோட்டத் துரையின் சாமியும் துரையோடு சேர்ந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற துரைதான் திங்கட்கிழமை சம்பளத்தைப் பிடிக்கிறவர். ஸ்டாட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரும் துரையின் நிறத்துக்காரர். இந்தச் சங்கடத்தை எந்த இலக்கணப் புத்தகமும் தீர்க்காது.

தீர்த்தவர்கள் வேறு ஆட்கள். நேட்டாலுக்குப் போன தெலுங்குக் கிறிஸ்தவர்களில் பலர் அமெரிக்க பாப்டிஸ்டுகள் நெல்லூர்ப் பக்கத்தில் நட்ட சபைகளைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று அவர்கள் ஊருக்கு எழுதினார்கள். ஊர்ச் சபைகளும் ஏழைச் சபைகள்தாம். ஆனாலும் தெலுங்கு பாப்டிஸ்டுகள் தங்களுக்கென்று வைத்திருந்த சங்கத்தின் வழியாக ஜான் ரங்கையா என்பவரை அனுப்பிவைத்தார்கள். 1903இல் அவர் நேட்டாலில் இறங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில், கெர்ஸ்னியில் முதல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபை எழுந்தது.

கெர்ஸ்னி தேயிலை விளைந்த இடம். தோட்ட முதலாளி லீஜ் ஹியூலெட் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர். முதலாளி மெதடிஸ்ட்; கொழுந்து பறித்தவர்கள் பாப்டிஸ்ட்! துரையின் சாமிதான் வேண்டும் என்றால் துரையின் சபை பக்கத்திலேயே இருந்தது. அவர்கள் கேட்டது தங்கள் ஊர்ச் சபையை. மிஷனரி என்றதும் தொப்பி வைத்த வெள்ளைக்காரரை மட்டும் நினைத்துப் பழகிய நமக்கு ரங்கையா ஓர் ஆச்சரியம். கடல் கடந்து அனுப்பியவர்கள் தெலுங்கர், போனவர் தெலுங்கர், கேட்டவர்களும் தெலுங்கர். இதில் ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அடுத்த லயத்தில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு அந்தப் பிரசங்கம் விளங்கியிராது.

பிறகு காலம் மாறியது. பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனார்கள். 1925இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரோலண்ட்ஸ் குடும்பத்தார் இந்தியர்களுக்காகத் தொடங்கிய பெந்தெகொஸ்தே ஊழியம், பெத்தேசதா என்ற பெயரில் பெரிதாக வளர்ந்தது. அவர்கள் பிரசங்கித்தது இங்கிலீஷில். ஸ்டாட் மட்டக்களப்பிலிருந்து சுமந்து வந்த தமிழுக்கு அங்கே வேலை குறைந்துபோயிற்று.

தமிழ் ஒரேயடியாகப் போய்விடவில்லை. காவடிப் பாட்டில் நின்றது. டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ என்ற ஊரில் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே அம்மனுக்குப் பெரிய திருவிழா நடப்பது பெரிய வெள்ளிக்கிழமையில். தோட்டத்துக்கும் ஆலைக்கும் விடுமுறை விட்ட நாள் அது. மக்களுக்குக் கிடைத்த நாளில் அம்மன் எழுந்தருளினாள். இன்றும் பெரிய வெள்ளியன்று காலையில் டர்பன் இந்தியர்களில் சிலர் வேதாகமத்தோடு சபைக்கும், வேறு சிலர் மஞ்சள் புடவையோடு இசிப்பிங்கோவுக்கும் புறப்படுகிறார்கள்.