தண்ணீர் பில் சொன்ன சாட்சி: 1 கோடியே 9 லட்சம் டாலர் தீர்ப்பின் பின்னால் ஒரு வரைபடம்

வணக்கம். 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 67 பேருக்கு ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்டது குடிநீர்க் குழாய் ஒன்றைத்தான். அவர்கள் தரப்பின் முக்கியமான சான்றுகளுள் ஒன்று, ஒரு வரைபடம்.

மக்களின் நலவாழ்வைக் காட்டும் வரைபடம் என்றாலே, காலராவால் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்து, நோய் ஒரு தெருக் குழாயைச் சுற்றிப் பரவியதைக் காட்டிய 1854ஆம் ஆண்டின் லண்டன் வரைபடத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அருமையான கதைதான், ஆனால் எனக்கு இந்த ஒஹாயோ வரைபடம் அதைவிட நெருக்கமானது.

ஊரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேன்ஸ்வில் நகர எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும் கோல் ரன் என்ற குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அங்கே ‘ரன்’ என்றால் சிற்றோடை. ‘நிலக்கரி ஓடை’ என்ற அந்தப் பெயரிலேயே ஊரின் துன்பமும் இருக்கிறது. பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்று நீர் கெட்டுப்போனதால், கூரையில் விழுந்த மழைநீரைத் தொட்டியில் பிடித்தும், பனியை அள்ளி உருக்கியும், வண்டியில் தொட்டியை ஏற்றிச் சென்று தண்ணீர் வாங்கி வந்தும் அவர்கள் காலம் கழித்தார்கள்.

[திரையில்: வீட்டுமனைகளின் எல்லைக்கோடுகள் மட்டும்]

இப்போது வரைபடத்துக்கு வருவோம். இங்கே நிதானமாகப் பாருங்கள். முதல் அடுக்கில் மனைகளும் வீடுகளும் இருக்கின்றன. இதில் ஒரு குறையும் தெரியாது.

[திரையில்: நீலக் கோடுகளும் புள்ளிகளும்]

இரண்டாம் அடுக்கு, தண்ணீர் இணைப்பு. எந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் போகிறது என்பதை அறிய வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தண்ணீர் பில் போகிற வீட்டில் குழாய் இருக்கிறது, அவ்வளவுதான். பணம் வசூலிப்பதற்காக எழுதிவைத்த பதிவு, யாருக்குத் தண்ணீர் தரவில்லை என்பதையும் காட்டிக்கொடுக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

[திரையில்: வீடுகள் இரு நிறங்களில்]

மூன்றாம் அடுக்கு, எந்த வீட்டில் எந்த இனத்தவர் வாழ்ந்தார்கள் என்பது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, வெள்ளையர் வீடுகள் வரை வந்த குழாய், கறுப்பினத்தவர் வீடுகள் தொடங்கும் இடத்தில் நின்றுபோவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ‘இனத்தைப் பார்த்து நாங்கள் எதையும் செய்யவில்லை, குழாய் இல்லாத வெள்ளையர்களும் அப்பகுதியில் இருக்கிறார்கள்’ என்று எதிர்த்தரப்பான உள்ளூர் அரசு நிர்வாகங்கள் வாதிட்டன. ஜூரிகள் அதை ஏற்கவில்லை.

உங்கள் வார்டை இப்படி வரைய நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் புள்ளி வைத்து நிறுத்திவிடாதீர்கள். யார் வீட்டுக்கு எட்டவில்லை என்ற அடுக்கையும் சேர்த்தே வரையுங்கள். ஆனால் தனி மனிதரின் நோயையோ பெயரையோ பொதுவில் காட்டாதீர்கள்.

அந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் குழாய் பதித்தது 1956இல். கோல் ரன்னுக்குத் தண்ணீர் வந்ததோ, வழக்குத் தொடுத்த பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொருவரும் அங்கே எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்று கணக்கிட்டு, ஆளுக்கு 15,000 டாலரிலிருந்து 3,00,000 டாலர் வரை ஜூரிகள் இழப்பீடு வழங்கினார்கள்.