ரக்பி ஆடினால் சோறு போடுமா?

வணக்கம் மக்களே. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கபடி களத்தில் நின்று பேசுகிறேன். பின்னால் லாரிச் சத்தம் ஓயாமல் கேட்கும், சேலம் நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ரெய்டு போகிற தம்பி ஒருவன், பாலிடெக்னிக் படிக்கிறான். "அண்ணா, சென்னை டீம் கப் அடிச்சுதே, ரக்பி ஆடினா சோறு போடுமா?" என்று கேட்டான். அவன் சொல்வது ரக்பி பிரீமியர் லீக். 2025 ஜூனில் மும்பையில் முதல் தடவையாக நடந்தது. இறுதிப் போட்டியில் சென்னை புல்ஸ் டெல்லி ரெட்ஸை 41–0 என்று துவைத்து எடுத்தார்கள். அது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற வகை. வெளிநாட்டில் பெரும்பாலானவர்கள் பிழைப்பு நடத்துவது பதினைந்து பேர் ஆடுகிற ரக்பி யூனியனில், 80 நிமிட ஆட்டம். அந்தப் பிழைப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

தம்பி கேட்ட இதே கேள்வியால்தான் இந்த ஆட்டமே ஒரு தடவை இரண்டாக உடைந்தது. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் ஆட வந்தார்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை நாள். ஆட வந்தால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியையாவது ஈடு கட்டவிடுங்கள் என்று அங்குள்ள கிளப்புகள் கேட்டன. காசு வாங்கி ஆடுவது அசிங்கம் என்று சங்கத்துப் பெரிய மனிதர்கள் மறுத்துவிட்டார்கள். வயிறு நிறைந்தவனுக்குக் காசு அசிங்கமாகத்தான் தெரியும், அதை விடுங்கள். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு ஓட்டலில் கூடி, வடக்குக் கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அதுதான் இன்றைய ரக்பி லீக். யூனியன் பக்கம் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க வழி விட்டது 1995 ஆகஸ்டில். சரியாக நூறு வருடம்! அதுவரை நாட்டுக்கு ஆடியவர்கள்கூட போலீஸ், டாக்டர், விவசாயம் என்று ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஜோனா லோமுவை உலகமே திரும்பிப் பார்த்தது. நியூசிலாந்துக்காரர், பெற்றோர் டோங்கா தீவு. ஆறடி ஐந்து அங்குலம், ஏறக்குறைய 120 கிலோ, அந்த உடம்போடு விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், ஓடுகிறார். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு டிரை. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் அது ஒரு டிரை. மைக் கேட் என்ற ஃபுல்பேக், கடைசியில் நின்று காக்கிறவர், குறுக்கே வந்தார். லோமு விலகவில்லை, அவர் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அந்தக் காணொளியைப் பார்க்காத ரக்பி ரசிகன் கிடையாது.

அதே வருடக் கடைசியில் அவருக்குச் சிறுநீரக நோய் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நோயோடுதான் 1999 உலகக் கோப்பையில் எட்டு டிரை போட்டார். நாட்டுக்காக ஆடுகிற போட்டியை ரக்பியில் டெஸ்ட் என்பார்கள், அதில் மொத்தம் 63 டெஸ்ட், 37 டிரை. 2003இல் டயாலிசிஸ், 2004இல் மாற்றுச் சிறுநீரகம். அப்புறமும் சும்மா இருக்காமல் 2005இல் வேல்ஸில் கார்டிஃப் அணிக்கு ஆடப் போனார். 2015இல் நாற்பது வயதில் இறந்துவிட்டார். ரக்பியால் வந்த நோய் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் போட்ட முதலீடு என்பது உடம்பு மட்டும்தான். அது படுத்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

சரி, நம்ம பசங்களிடம் பந்தைக் கொடுத்து ஆடிப் பார்த்தோம். பந்தை முன்பக்கம் வீசக்கூடாது என்பதை உடனே பிடித்துக்கொண்டார்கள். தகராறு பிடியில்தான். கபடியில் டேஷ் என்றால் தோளால் முட்டி ரெய்டரைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது. கை வேண்டியதே இல்லை. ரக்பியில் கை வளைக்காமல் அப்படி முட்டினால் பெனால்டி, தலையில் பட்டால் சிவப்பு அட்டை வரைக்கும் போகும். பிடித்துக் கீழே சாய்த்ததும் விட்டுவிட வேண்டும். கபடிக்காரன் விடுவானா? மூச்சு முறிகிற வரை அமுக்கித்தான் அவனுக்குப் பழக்கம். இன்னொன்று, தலை எந்தப் பக்கம் போகிறது என்பது. ஓடி வருகிறவனின் தொடைக்கு முன்னால் தலையைக் கொடுத்தால் அவன் முட்டி நேராக உங்கள் பொட்டில் இடிக்கும். தலை அவனுக்குப் பின்பக்கம் போய், உங்கள் கன்னம் அவன் பின்புறத்தில் ஒட்ட வேண்டும். தம்பி முன்பக்கமே கொடுத்துக்கொண்டிருந்தான். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

எதற்குக் கத்தினேன் என்றால், ஸ்டீவ் தாம்சனை நினைத்து. 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர், ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணியும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுகிற இடத்தில், முன்வரிசை நடுவில் நிற்கிறவர். நாற்பது வயது தாண்டியதுமே டிமென்ஷியா. அந்தக் கோப்பையை வென்றதே ஞாபகம் இல்லை என்று 2020இல் வெளியில் சொன்னார். அவரும் இன்னும் பல பழைய வீரர்களும் விளையாட்டுச் சங்கங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இப்போது தலையில் அடி பட்ட சந்தேகம் வந்தாலே வெளியே அழைத்துப் போய்ச் சோதிக்கிறார்கள். அந்தத் தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை.

பணமும் நிரந்தரம் இல்லை. 2022–23 சீசனில் மட்டும் இங்கிலாந்தின் முதல் பிரிவில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என்று மூன்று கிளப்புகள் கடனில் மூழ்கின. வீரர்கள் வேறு அணி தேடி அலைந்தார்கள். நன்றாக முடித்தவர் என்றால் நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா. 148 டெஸ்ட், கேப்டனாக இரண்டு உலகக் கோப்பை, 34 வயதில் ஓய்வு, அடுத்து ஹெலிகாப்டர் பைலட். அவரே 2011 கோப்பையை உடைந்த பாத எலும்போடு ஆடித்தான் வென்றார்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். இந்தியாவில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற நிலை இன்னும் வரவில்லை. டிப்ளமோவை முடி. உனக்கு ஓட்டமும் தோளும் இருக்கிறது, ஏழு பேர் ஆட்டத்தை விடாதே. அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இதே களத்தில் பிடி மட்டும் பழகப்போகிறோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி பசங்க யார் வேண்டுமானாலும் வரலாம். ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பல்லுக்கு மவுத் கார்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இல்லாதவனைக் களத்தில் இறக்க மாட்டேன்.