பழக்கத்துக்குப் பயன் தேட வேண்டாம்

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

நவராத்திரி நெருங்கும்போது நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு காரியத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறை வழியாகக் களியக்காவிளை எல்லையைக் கடந்து திருவனந்தபுரம் செல்கிறார்கள். பூசை முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். புறப்பாட்டுக்கு முன் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றப்படுகிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு மாறியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தலைநகரும் போயிற்று, அரசாட்சியும் போயிற்று, நடுவே ஒரு மாநில எல்லையும் வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பயணம் தொடர்கிறது; இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்துகிறார்கள். இதனால் என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்றே நானும் கருதுகிறேன்.

ஊர் கூடிக் காக்கும் பழக்கத்துக்கு நாம் தரும் இந்த மரியாதையை, தனி மனிதர் தமக்குள் வைத்துக் காக்கும் சிறு பழக்கத்துக்கு ஏன் தருவதில்லை என்பதே நான் இன்று பேச வந்த பொருள்.

நம்மைச் சுற்றிப் பாருங்கள். கடைக்கு எழுதும் சாமான் பட்டியலின் தலையிலும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்க முடியாதவர் இருக்கிறார். மகன் வளைகுடா நாட்டுக்குப் போன பிறகும், அவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சோற்றுப் பாத்திரத்தை வாரந்தோறும் விளக்கிக் கவிழ்த்து வைக்கும் தாய் இருக்கிறாள். வற்றிப்போன கிணற்றை இரவில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகும் பெரியவர் இருக்கிறார். தோவாளைச் சந்தையில் யாரோ ஒருவருக்காக என்றோ வாங்கிய பிச்சிப்பூவைப் புத்தகத்துக்குள் உலர்த்தி வைத்திருப்பவரும் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். இவர்களில் பெரும்பாலோர் அதை மறைத்தே செய்கிறார்கள். பிறர் பார்த்துவிட்டால் முகம் வாடுகிறது. உடனே ஒரு பயனைக் கற்பித்துச் சொல்கிறார்கள். மிக்ஸி இருக்க அம்மியில் தேங்காய் அரைப்பவர், மீன்குழம்பின் ருசிக்காக என்கிறார். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த அம்மி தன் அம்மையின் கைபட்டுத் தேய்ந்த அம்மி என்பதை ஏன் அவர் முதலில் சொல்லக் கூடாது?

என் பழக்கம் ஒன்றையும் சொல்கிறேன். என் தகப்பனார் வேளாண்மை செய்தவர். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகமும் கண்டவர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் நமக்கு மழை தருவதாலும், பேச்சிப்பாறை அணை திறப்பதை நம்பியே நாற்றங்கால் போட வேண்டியிருந்ததாலும், ஒவ்வொரு நாளும் மழை உண்டா இல்லையா என்று காலண்டர் தாளில் குறித்து வைப்பார். இன்று எனக்கு வயல் இல்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் என் வரவு செலவில் எந்த மாற்றமும் இல்லை. இருந்தும் நான் ஒவ்வோர் இரவும் "மழை உண்டு", "மழை இல்லை" என்று எழுதுகிறேன். அந்தத் தாள்கள் எந்த ஆராய்ச்சிக்கும் உதவப் போவதில்லை. அவரைப் போலவே வானத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் போலவே இரண்டு சொற்களை எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் இன்னொரு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

இத்தகைய உணர்ச்சிகளைப் பலவீனமாகக் காணும் எண்ணம் பழமையானது. 1688ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்களின் ஏக்கத்தை ஒரு நோயாகவே வகுத்து ஆய்வேடு எழுதினார். அந்தப் பார்வை மாற நெடுங்காலம் ஆயிற்று. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953இல் வெளியிட்ட கட்டுரையில், குழந்தை ஒரு துணித்துண்டையோ பொம்மையையோ விடாமல் பற்றிக்கொள்வது இயல்பான வளர்ச்சியின் பகுதி என்று விளக்கினார். தாயை விட்டுச் சிறிது விலகி நிற்கப் பழகும் பருவத்தில், அந்தப் பொருள் குழந்தைக்குத் துணையாகிறது. 2014இல் மைக்கேல் நார்ட்டன், பிரான்செஸ்கா ஜினோ என்ற இரு ஆய்வாளர்கள், அன்புக்குரியவரை இழந்தவர்கள் தமக்கென வைத்துக்கொண்ட சடங்குகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சமயச் சடங்குகள் அல்ல. தனிமையில் செய்யப்பட்ட சின்னஞ்சிறு செயல்கள். கணவர் செய்துவந்தது போலவே வாரந்தோறும் அவருடைய காரைக் கழுவிய ஒரு பெண்ணும் அவர்களிடையே இருந்தார். சடங்குகள் துயரத்தைக் குறைக்கின்றன என்பதும், கைமீறிப் போன வாழ்வில் ஏதோ ஒன்றாவது தன் வசம் இருக்கிறது என்ற உணர்வை அவை திருப்பித் தருவதே அதற்குக் காரணம் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. சோற்றுப் பாத்திரத்தை விளக்கி வைக்கும் நம் ஊர்த் தாயை இந்த முடிவோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எல்லாப் பழக்கமும் காக்கத் தக்கதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. குளிரில் நடுங்குகிறதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பரணர் புறநானூற்றில் பாடும்போது, அவன் கொடையில் மடமை கொள்வானே அன்றிப் படையில் மடமை கொள்ள மாட்டான் என்கிறார். எந்த இடத்தில் அறியாமை அழகு, எந்த இடத்தில் அது கேடு என்று பிரித்தறியும் இந்த நுட்பம் நமக்கும் வேண்டும். கதவைப் பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது ஒருவரது சுபாவம். பாதி வழியிலிருந்து பலமுறை திரும்பி வந்து பார்த்து, வேலையும் உறக்கமும் கெட்டால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய துன்பம். அதுபோலவே, என் பழக்கத்துக்காக வீட்டில் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும், அஞ்சி நடக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கத் தொடங்கினால், அதன் பெயர் அதிகாரம். இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் எஞ்சுபவை ஏராளம். அவை எவருக்கும் தீங்கற்றவை.

நம் திருமணப் பந்தியில் வெளியூர்க்காரர் முதன்முறை உட்காரும்போது, இலையில் ஊற்றிய பாயசத்தில் பப்படத்தை நொறுக்கி மட்டிப் பழத்தைப் பிசைந்து உண்ணும் நம்மை வியந்து பார்ப்பதுண்டு. நாம் கூசுவதில்லை; நீங்களும் பிசைந்து பாருங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். தனியாக இருக்கும்போது உள்ள நம் சுபாவங்களிடமும் இதே தாராளம் இருக்கலாம்.

இதில் வீட்டாரின் பங்கும் உண்டு. ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு எழுப்பும் வேலை நம் மாவட்டமெங்கும் நடக்கிறது. இடிப்பதற்கு முன் பழைய சாமான்களை ஒதுக்கும் நாளில்தான் முதியவர்களின் மனம் அதிகம் புண்படுகிறது. கைப்பிடி உடைந்த செம்பு, நார் தளர்ந்த கட்டில், வெற்றிலைச் செல்லம், மூடியில்லாத பேனா எல்லாம் அவர்களிடம் ஒரு சொல் கேட்காமலேயே பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போய்விடுகின்றன. அந்த நாளில் இளையவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது என்ன, யாருடையது என்று கேளுங்கள். விடை நீளமாக வந்தால் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்தால் எழுதியும் வையுங்கள். "சும்ம கெடக்கட்டும் மக்கா" என்று மட்டும் சொன்னால், அதையே முழுமையான விடையாக ஏற்றுக்கொண்டு, புது வீட்டில் அதற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்.