மலிவான பீடியின் கணக்கில் விட்டுப்போனவை

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பீடியைப் பிரித்துத் தூளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். கால் கிராம்கூட இருக்காது; ஏறக்குறைய 0.2 கிராம். சிகரெட்டில் சுமார் 0.7 கிராம் இருக்கும். 25 பீடி கொண்ட ஒரு கட்டை முழுவதும் உதிர்த்தாலும் 5 கிராம்தான் தேறும். "இத்துனூண்டு பீடி என்னத்தைச் செய்துவிடப் போகிறது?" என்ற பேச்சு அந்தச் சிட்டிகைத் தூளிலிருந்துதான் பிறக்கிறது. விலையும் சின்னது, பொருளும் சின்னது, ஆகவே கேடும் சின்னது என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் எவையெல்லாம் எழுதப்படாமல் விட்டுப்போயின என்பதை ஆய்வாளர்கள் எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அந்த இலை. சிகரெட் தாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. இழுக்கும்போது வெளிக்காற்றும் கலக்கும். பீடி இலையில் அது கிடையாது. இழுப்பதை நிறுத்தினால் கங்கு அணைந்துவிடும். அணையாமல் வைத்திருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் தூள் குறைவாக இருந்தும் நிகோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு மூன்றும் நுரையீரலுக்குத் தாராளமாகவே போய்ச் சேர்கின்றன. தூளின் எடையை மட்டும் பார்த்துக் கேட்டை அளந்தால் கணக்கு இங்கேயே பிசகிவிடும்.

இனி ஆய்வுக்கு வருவோம். நம் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் நடந்த வேலை இது. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ குழுவினர் செய்த இந்த ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் இறந்துபோன ஆண்கள் 43,000 பேரையும், உயிரோடு இருந்த ஆண்கள் 35,000 பேரையும் ஒப்பிட்டார்கள். கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றே: இவர் புகைத்தவரா, இல்லையா?

கேள்வி எளிது. பதிலை நம்பும்படி வாங்குவதுதான் கடினம். நம் ஊரில் பெரும்பாலான சாவு வீட்டில் நடக்கிறது. "நெஞ்சுவலி", "மூச்சு நின்றது" என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் அதை வைத்து ஆய்வு செய்ய முடியாது. பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்: இருமல் எத்தனை வாரம் இருந்தது? சளியில் ரத்தம் வந்ததா? மாலையில் காய்ச்சல் அடித்ததா? உடம்பு இளைத்துப் போனாரா? அந்தப் பதில்களிலிருந்து இறப்புக்கான காரணத்தை ஊகித்து வகைப்படுத்துவார்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. நோய் முற்றியவர் பீடியை விட்டுவிடுவார். "இப்போது புகைக்கிறாரா?" என்று மட்டும் கேட்டால், பீடியால் செத்தவர்கூடப் புகைக்காதவர் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்வார், புகைப்பதை நிறுத்தியதால்தான் சாவு வந்தது என்றுகூட அட்டவணை காட்டும்! அதனால் "எப்போதாவது புகைத்தவரா, ஒருபோதும் புகைக்காதவரா?" என்றே பிரித்தார்கள். இந்த ஒரு சொல்லைக் கோட்டைவிட்ட ஆய்வுகள் ஏராளம்.

கிடைத்த விடை பலரும் எதிர்பாராதது. புகைபிடித்தல் என்றதும் நம் மனதில் நிற்பது நுரையீரல் புற்றுநோய். 1950-இல் லண்டனில் டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டது அது. இங்கேயோ முன்வரிசையில் வந்து நின்றது காசநோய். காசநோயால் சாகும் வாய்ப்பு, புகைக்காதவரைவிடப் புகைத்தவருக்கு நான்கு மடங்குக்கும் மேல். இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகை ஒரு காரணம் என்று முடிவு சொன்னார்கள்.

ஏன் அப்படி? காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் ஓசையின்றிக் கிடக்கிறது. பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் நோயாக மாறுவதில்லை. மூச்சுக்குழாயில் இருக்கும் மயிரிழைகள் அழுக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்த கிருமியை விழுங்கி அடக்கக் காவல் அணுக்கள் உண்டு. புகை இந்த இரண்டையும் முடக்குகிறது. தூங்கிய கிருமி எழுந்துகொள்கிறது. மேலைநாட்டுப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்து இந்தியாவுக்குப் பொருத்தியிருந்தால் இந்தச் சாவுகள் முழுக்கவும் கணக்கில் வராமலே போயிருக்கும்.

"நான்கு மடங்கு என்றால் பாதி எப்படி வந்தது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி, விரலை மடக்கியே பார்த்துவிடலாம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. 1,000 ஆண்கள், 400 பேர் புகைப்பவர், 600 பேர் புகைக்காதவர். புகைக்காதவரில் நூற்றுக்கு ஒருவர் அந்நோயால் சாகிறார் என்றால் 6 சாவு. புகைப்பவரில் நூற்றுக்கு நால்வர் என்றால் 16 சாவு. மொத்தம் 22. யாருமே புகைக்காமல் இருந்திருந்தால் ஆயிரத்துக்கு 10 சாவுதான். ஆக மிகுதி 12. இருபத்திரண்டில் பன்னிரண்டு, 55 சதவீதம். புகைப்பவர் தொகை குறைந்தாலும் சரி, மடங்கு குறைந்தாலும் சரி, இந்தப் பங்கும் இறங்கும். அதனால்தான் ஒரு மாநிலத்தின் எண்ணை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

2008-இல் பிரபாத் ஜா தலைமையில் நாடு தழுவிய ஆய்வு ஒன்று வந்தது. பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டும், பெண்கள் 8 ஆண்டும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டும் ஆயுளை இழக்கிறார்கள் என்றது. உடனே "பத்தைவிட ஆறு குறைவுதானே, பீடியே மேல்" என்று ஒரு குரல் எழும். ஐயா, ஆறு ஆண்டை யாரும் தள்ளுபடி என்று சொல்லமாட்டார்கள். அதே ஆய்வில், நாளுக்கு ஏழு பீடிக்கு மேல் போகாதவருக்கே இறப்பு அபாயம் ஏறக்குறைய கால் பங்கு கூடியிருந்தது. "எண்ணிக் குடிக்கிறேன்" என்பவருக்கும் இதில் விலக்கு இல்லை.

இனிப் பணம். ஒரு நோயின் செலவை மூன்றாகப் பிரிப்பார்கள். மருத்துவமனைச் செலவு ஒன்று. போக்குவரத்து, கூடத் தங்குபவரின் சாப்பாடு போன்றவை இன்னொன்று. இவை இரண்டும் நேரடிச் செலவு. மூன்றாவதான மறைமுக இழப்புதான் பெரியது: வேலைக்குப் போகாத நாட்கள், காலத்துக்கு முன்பே செத்தவர் சம்பாதித்திருக்கக்கூடிய தொகை.

காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆறு மாதச் சிகிச்சைக்கு மருந்துச்சீட்டில் சைபர் ரூபாய். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகிறவர் அதில் இரண்டு மாதம் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தால்? மாதத்துக்கு 20 நாள், நாளுக்கு 700 ரூபாய் கூலி என்று வைத்தால் 28,000 ரூபாய். கூட இருந்து கவனிக்க மனைவியும் வேலையை விட்டால் அதையும் கூட்டுங்கள். மருந்துச் செலவை மட்டும் பார்ப்பவர் "இலவசம்தானே" என்பார். வட்டிக்கடைக்காரருக்குத் தெரியும் அது இலவசமா என்று.

ரிஜோ ஜான் என்ற ஆய்வாளரின் குழுவினர் நாடு முழுமைக்கும் போட்ட கணக்கில் இந்த விகிதம் அப்படியே தெரிகிறது. 2017-18-இல் 35 வயதுக்கு மேற்பட்டோரிடம் புகையிலையால் வந்த நோய், சாவு இவற்றின் சுமை 1,77,341 கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.04 சதவீதம். அதில் நேரடிச் செலவு 22 சதவீதம், மீதி 78-உம் மறைமுக இழப்பு. "புகையிலை வரிதானே அரசை நடத்துகிறது" என்பவருக்கும் அதில் பதில் உண்டு. அரசு 100 ரூபாய் கலால் வரி வாங்கினால், சமூகம் 816 ரூபாய் இழக்கிறது.

பீடியைத் தனியே எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பீடியால் வந்த சுமைக்கு 2017-க்கான மதிப்பீடு 80,550 கோடி. 2016-17-இல் பீடியிலிருந்து வந்த கலால் வரி 417 கோடி. நூறு ரூபாய் சேதத்துக்கு ஐம்பத்திரண்டு காசு!

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இழந்த சம்பாத்தியத்தை வைத்து உயிரை மதிப்பிடும் முறையில், கூலி வாங்காமல் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் சாவு மலிவாகிவிடுகிறது. புகைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே புகையை இழுத்தவரின் நோயையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்குகள் சேர்ப்பதில்லை. ஆகவே இந்தத் தொகைகளைக் குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் எனக்குச் சற்றுக் கோபமே உண்டு. ஜிஎஸ்டி வந்த 2017-இல் பீடிக்கு 28 சதவீதம் வைத்தார்கள். சிகரெட்டுக்குப் போட்ட கூடுதல் செஸ் பீடிக்கு இல்லை. அப்போதே விற்கும் விலையில் வரியின் பங்கு, 128-இல் 28 என்ற கணக்கில், 22 சதவீதத்தைத் தொடவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 75 சதவீதம். 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கு 18 சதவீதமாகவும், பீடி இலைக்கு 5 சதவீதமாகவும் குறைக்க முடிவெடுத்தது. 118-இல் 18 என்றால் பங்கு 15 சதவீதம்தான். பீடி விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கும் என்று மதிப்பிட்ட ஆய்வும் நம்மிடம் உண்டு. தெரிந்தே எதிர்த்திசையில் நடக்கிறோம்.

"பீடி சுற்றுகிற பெண்களின் பிழைப்பு?" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வாசல்தோறும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். மடியில் சுளகு. ஊறவைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரியால் நறுக்கி, நரம்பைச் சீவி, தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். இப்படி ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. ஆயிரத்துக்கும் சேர்த்துக் கையில் புரளும் தூள் 200 கிராம். கொடுத்த இலை போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். கோணலாக இருப்பதைக் கழித்துவிட்டால் அந்தக் கூலியும் போயிற்று. பத்துப் பதினைந்து வயதில் உட்கார்ந்தவர் முதுகு வளைந்தபின்தான் எழுந்திருக்கிறார். வரியைப் பல பத்தாண்டுகளாகக் குறைவாகவே வைத்திருந்தும் இவர்கள் கூலி ஏன் உயரவில்லை என்று, பிழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லட்டும்.

கடைசியாக, விட நினைப்பவருக்குக் கைக்கு உதவுகிற ஒரு விஷயம். தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. பலர் அதை வாங்கி இரண்டு நாளில் தூக்கி எறிகிறார்கள். காரணம், சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லுகிறார்கள். நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வருகிறது, ஏக்கமும் அடங்குவதில்லை. மிளகுக் காரம் போல நாக்கில் சுரீரென்றதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி ஓரிரு முறை மெல்லலாம். ஒரு துண்டு இப்படி அரை மணி நேரம் வரும். கண் விழித்த அரை மணிக்குள் முதல் பீடியைத் தேடுகிறவருக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். மருத்துவரைக் கேட்டு 4 மில்லிகிராம் எடுக்கலாம். முதல் மூன்று நாள்தான் ஏக்கம் உச்சத்தில் இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் அது தளர்ந்துவிடும்.

பலருக்குப் பீடியும் டீயும் ஒரே மூச்சு. வாயில் அமிலத்தன்மை ஏறினால் கன்னத்துச் சதை நிகோட்டினை உறிஞ்சாது. அதனால் சூயிங்கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, அது வாயில் இருக்கும்வரை, டீ, காபி, பழச்சாறு எதுவும் வேண்டாம். டீயை முதலில் குடித்து முடியுங்கள், வாயைக் கொப்பளியுங்கள், கால் மணி நேரம் கழித்துச் சூயிங்கத்தைப் பிரியுங்கள்.